பிடுங்க இலவசம், வைக்க லட்சம்

ஒரு சின்ன டெஸ்ட். பி.காம். மக்கள் கொஞ்சம் பொறுங்க, மத்தவங்க முதல்ல சொல்லட்டும்.

65 வயதான ஒரு மனிதர். உடம்பில் மூன்று இடத்தில் ரிப்பேர். கண்ணில் புரை, முழங்காலில் தேய்மானம், வாயில் பல் இல்லை. மூன்றுக்கும் வைத்தியம் ஒரே மாதிரிதான்: கெட்டதை எடுத்துவிட்டு செயற்கையாக ஒன்றை வைக்க வேண்டும். கண்ணுக்கு லென்ஸ், முழங்காலுக்கு உலோக மூட்டு, வாய்க்கு ஒரு டைட்டானியம் ஸ்க்ரூ, அதன் மேல் ஒரு பல். இந்த மூன்றில் எதற்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் தராது?

கரெக்ட். பல்லுக்குத்தான்.

எங்கள் தெருவில் ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் மாமா இருக்கிறார். ஏன் மாமா இப்படி என்று கேட்டேன். "அது காஸ்மெடிக் தம்பி, அழகுக்குப் பண்றது" என்றார். பாலிசிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட எல்லாக் கம்பெனியிலும் அதே கதை. விலக்குகள் என்று பொடி எழுத்தில் ஒரு பட்டியல் இருக்கும். அதில் அழகு சிகிச்சைக்கு அக்கம்பக்கத்திலேயே பல் சிகிச்சையும் உட்கார்ந்திருக்கும். விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் படுத்தால் மட்டும் விதிவிலக்கு. அதாவது பைக்கில் போய் லாரியில் மோதினால் உங்கள் பல் மருத்துவம். சும்மா வயசாகி விழுந்தால் மேக்கப். (தனியாகப் பிரீமியம் கட்டினால் புறநோயாளி செலவு என்று கொஞ்சம் கிடைக்கும். அந்த வரம்பு ஒரு ரூட் கேனாலுக்கே திணறும்.)

இந்த "அழகு" என்ற ஒற்றை வார்த்தையோடுதான் எனக்குச் சண்டை. மூக்கை நேராக்குவது அழகு. பல்லை வெள்ளையாக்குவது அழகு. மெல்லுவது எப்படி அழகாகும்? "நொறுங்கத் தின்றால் நூறு வயது" என்று சொன்ன ஊர் சார் இது. நூறு வயது வாழும் அளவுக்குச் சிரித்தால் போதும் என்று யாரும் சொல்லவில்லை.

பல் போனவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று உங்கள் வீட்டிலேயே பாருங்கள். கடலை நிற்கும். கொய்யா நிற்கும். கறி நிற்கும். கேரட், பீன்ஸ் எல்லாம் குழைய வெந்தால்தான் உள்ளே போகும். மிஞ்சுவது ரசம் சாதம், இட்லி, பிரெட், பிஸ்கட். சர்க்கரை வியாதிக்காரருக்கு டாக்டர் எதையெல்லாம் குறைக்கச் சொல்கிறாரோ அதெல்லாம்தான் மெல்லாமல் விழுங்க முடிகிறது. எதையெல்லாம் சாப்பிடச் சொல்கிறாரோ அதற்கெல்லாம் பல் வேண்டும். இதை அழகுப் பிரச்சினை என்று சொல்பவர் ஒரு வாரம் பல்லைப் பயன்படுத்தாமல் சாப்பிட்டுப் பார்க்கட்டும்.

இது யாரோ நாலு பேருக்கு வரும் அபூர்வ நோயும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2022ல் வெளியிட்ட வாய் நல அறிக்கைப்படி உலகத்தில் 60 வயது தாண்டியவர்களில் ஏறக்குறைய 23 சதவீதம் பேருக்கு வாயில் ஒரு பல்கூட இல்லை. ஒரு பல் ரெண்டு பல் போனவர்கள் இந்தக் கணக்கில் இல்லவே இல்லை.

நம்ம அரசு ஆஸ்பத்திரியில் பல் பிடுங்குவது இலவசம். நல்ல விஷயம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் பிடுங்கியதும் கையில் பஞ்சைக் கொடுத்து "கடிச்சுக்கிட்டே போங்க" என்று அனுப்பிவிடுவார்கள். அந்த ஓட்டையில் அடுத்து என்ன என்பது உங்கள் பாடு. இதில் கொடுமை, பல் எடுத்த முதல் வருஷத்திலேயே அந்த இடத்து எலும்பு அகலத்தில் ஏறக்குறைய பாதி கரைந்துவிடும், அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்துக்குள். பல் இருந்தால்தான் எலும்புக்கு வேலை. வேலை இல்லாத எலும்பை உடம்பு வைத்துக்கொள்ளாது (நம்ம பிளேஸ்மென்ட் செல் மாதிரி இல்லாமல் உடனே முடிவெடுக்கும் :-)). காசு சேர்த்துக்கொண்டு இரண்டு வருஷம் கழித்துப் போனால் "எலும்பு பத்தலை, முதல்ல எலும்பு வச்சுத்தான் ஸ்க்ரூ போடணும்" என்று பில் இன்னும் ஏறும். ஏழைக்குக் காத்திருப்பதற்கே வட்டி போடுகிற வைத்தியம் இது.

இம்பிளான்ட் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: டைட்டானியத்தில் செய்த சின்ன ஸ்க்ரூ, தாடை எலும்புக்குள் திருகி வைப்பார்கள். சில மாதங்களில் எலும்பு அதன் மேலேயே வளர்ந்து பிடித்துக்கொள்ளும். பிறகு அதன் மேல் கேப் மாட்டுவார்கள். எலும்பும் உலோகமும் இப்படி ஒட்டிக்கொள்ளும் என்பதைக் கண்டுபிடித்தவர் ஸ்வீடன் நாட்டு பெர்-இங்வார் பிரோனேமார்க். 1952ல் அவர் ஆராய்ந்துகொண்டிருந்தது பல்லையே இல்லை. எலும்பு எப்படி ஆறுகிறது என்று பார்க்க முயல் காலில் டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தினார். ஆராய்ச்சி முடிந்து கழற்றப் போனால் வரவில்லை. எலும்போடு எலும்பாகிவிட்டது. 1965ல் முதல் மனிதருக்கு வைத்தார். அவர் பிறவியிலேயே தாடைக் குறைபாடு உள்ள ஸ்வீடன்காரர், 34 வயது. 2006ல் அவர் இறக்கும்வரை, 40 வருஷத்துக்கு மேல், அந்த ஸ்க்ரூக்கள் வாயில் இருந்தன. நன்றாக மெல்ல முடியாத, தாடை சரியில்லாத ஒருவருக்காக ஆரம்பித்த விஷயம் இது. ஹீரோயின் சிரிப்புக்காக இல்லை.

அப்புறம் கம்பெனிகள் வந்தன. பிரோனேமார்க்கோடு சேர்ந்து இதை வியாபாரமாக்க 1981ல் நோபல்ஃபார்மா என்ற கம்பெனியை ஆரம்பித்தது யார் தெரியுமா? போஃபர்ஸ். ஆமாம், நம்ம ஊரில் பீரங்கிக்காகப் பேர் போன அதே போஃபர்ஸ்தான். இன்று நோபல் பயோகேர் என்று விற்கிற பிராண்டின் தாத்தா அதுதான். இன்னொரு பெரிய பெயர் ஸ்விட்சர்லாந்தின் ஸ்ட்ராமன். அது 1954ல் ஆரம்பித்தபோது கடிகாரத்துக்கு உலோகக் கலவை ஆராய்ந்த கம்பெனி. இவர்களுடைய ஆண்டறிக்கை இணையத்தில் கிடைக்கிறது, காஸ்ட் அக்கவுன்டிங் படிப்பவர்கள் பொழுதுபோக்காகப் படிக்கலாம். 100 ரூபாய்க்கு விற்றால் 70 ரூபாய்க்கு மேல் மொத்த லாபம். சோப்பு, பிஸ்கட் விற்கிற கம்பெனிகள் இதைப் பார்த்தால் அழும்.

டைட்டானியம் விலை அதிகம், அதனால்தான் என்று சொல்வார்கள். அதையும் பார்த்துவிடுவோம். ஒரு இம்பிளான்டின் எடை ஒரு கிராம்கூட வராது. டைட்டானியத்தின் மூலமான இல்மனைட் நம்ம கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடக்கிறது, அரசு நிறுவனமே அங்கே அள்ளுகிறது. உலோகம் விலை இல்லை. மேற்பரப்பைப் பதப்படுத்துவது, துல்லியமாகக் கடைவது, கிருமி இல்லாமல் பேக் செய்வது, வருஷக்கணக்கில் சோதிப்பது, இதெல்லாம் உண்மையான செலவு. ஒத்துக்கொள்கிறேன். அதோடு கருத்தரங்குக்கு டாக்டர்களைக் கூட்டிப் போவது, டீலர் கமிஷன், "பத்து வாங்கினா ரெண்டு ஃப்ரீ", இதெல்லாமும்தான் சேர்கிறது. இது எதற்கும் நோயாளி கையெழுத்துப் போடவில்லை.

இன்று நம்ம ஊரில் ஒரு பல்லுக்கு கேப்போடு சேர்த்து ஏறக்குறைய 20 ஆயிரத்தில் ஆரம்பித்து 50 ஆயிரத்தையும் தாண்டிப் போகிறது. ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டால் "பிராண்ட்". சரி, அந்த பிராண்டுக்கு அடக்க விலை என்ன, உங்கள் கட்டணம் எவ்வளவு, லேபுக்கு எவ்வளவு என்று பிரித்து பில் கேட்டுப் பாருங்கள். செல்போன் கடையில் சார்ஜருக்குக்கூடத் தனி வரி போட்டுத் தருகிறான். இங்கே "டோட்டல் பேக்கேஜ் சார்".

இப்போது எங்க ஆச்சி கதை. ஆச்சிக்கு 71 வயது. கீழ்ப்பல் முழுக்கப் போய்விட்டது, மேலே ஆறேழு இருக்கிறது. அரசு பல் மருத்துவக் கல்லூரியில் குறைந்த செலவில் கட்டிய பல்செட் இருக்கிறது. அது ராத்திரியில் எவர்சில்வர் டம்ளரில் இருக்கும், பகலிலும் பெரும்பாலும் எவர்சில்வர் டம்ளரில்தான் இருக்கும். கல்யாண வீட்டில் ஆச்சி கடைசிப் பந்திக்குத்தான் உட்காருவாள். சின்ன வயசில் நான் அதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் எழுந்து போன பிறகு அப்பளத்தை ரசத்தில் ஊறவைத்துச் சாப்பிடுவதை ஒருநாள் பார்த்த பிறகுதான் காரணம் புரிந்தது.

ஆச்சி பல்செட்டைப் போடாமல் இருப்பது பிடிவாதம் என்று வீட்டில் எல்லாரும் திட்டுவோம். அது பிடிவாதம் இல்லை, பௌதிகம். மேல்செட் அண்ணத்தில் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். கீழ்செட்டுக்குப் பிடிக்க இடம் கிடையாது. நாக்கு வேறு உருட்டித் தள்ளும். போதாக்குறைக்குக் கீழ்த்தாடை எலும்பு மேல்தாடையைவிட ஏறக்குறைய 4 மடங்கு அதிகமாகத் தேயும். முழு செட் போட்டவர்களின் கடிக்கும் பலம், சொந்தப் பல் உள்ளவர்களின் பலத்தில் நாலில் ஒரு பங்கு இருந்தால் பெரிய விஷயம்.

இதற்கு உலகம் விடை கண்டுபிடித்தாகிவிட்டது. கீழ்த்தாடையில் முன்பக்கமாக இரண்டே இரண்டு இம்பிளான்ட், அதில் பட்டன் மாதிரி பல்செட்டை "டக்" என்று மாட்டிக்கொள்வது. ராத்திரி கழற்றிக் கழுவலாம். 2002ல் கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், கீழே பல்லே இல்லாதவருக்கு முதலில் சொல்ல வேண்டிய சிகிச்சை இதுதான், வெறும் பல்செட் இல்லை என்று அறிக்கை விட்டார்கள். 2009ல் இங்கிலாந்தில் யார்க் நகரில் கூடியவர்களும் அதையே ஆமோதித்தார்கள். நான் பிறப்பதற்கு முன்னாலேயே முடிந்த விவாதம்.

அப்பா ஆச்சியைக் கூட்டிக்கொண்டு பக்கத்து டவுனில் ஏ.சி. போட்ட ஒரு கிளினிக்குக்குப் போனார், நானும் போனேன். டாக்டர் பார்த்தது ஐந்து நிமிஷம். பிறகு கோட் போட்ட ஒரு அம்மா தனி ரூமில் உட்காரவைத்துப் பேசினார். அவர் டாக்டர் இல்லை.

"சார், அம்மாவுக்கு மேல இருக்கிறதும் ஸ்ட்ராங்கா இல்ல. எல்லாத்தையும் எடுத்துட்டு ஃபுல் மவுத் ஃபிக்சட் பண்ணிரலாம். மூணே நாள். அஞ்சரை லட்சம் வரும், இன்னைக்கே அட்வான்ஸ் குடுத்தீங்கன்னா நாலே முக்கால்."

"ரெண்டு ஸ்க்ரூ போட்டு பல்செட்டை அதுல மாட்டுறதுன்னு ஒண்ணு இருக்காமே மேடம்?" என்றார் அப்பா. (நான் சொல்லிக்கொடுத்ததுதான்.)

"அதெல்லாம் ஓல்டு டெக்னாலஜி சார். அம்மாவுக்கு பெஸ்டாதான பண்ணணும்? ஈ.எம்.ஐ. இருக்கு."

ஆச்சி அதுவரை பேசவில்லை. "ஏல, மேல இருக்கிறது நல்லாத்தான இருக்கு, அத எதுக்குப் பிடுங்கணுங்கா?" என்றாள். அதற்கு அந்த ரூமில் பதில் இல்லை.

கவனியுங்கள். ஆடாத பல்லைப் பிடுங்கச் சொன்னது டாக்டர் வாயிலிருந்து வரவில்லை, சேல்ஸ் பேசுபவர் வாயிலிருந்து வந்தது. சில பேருக்கு உடனே பல் மாட்டலாம் என்பது உண்மை. எலும்பு, கடி, சர்க்கரை எல்லாம் சரியாக இருந்தால் அதற்கென்று முறை இருக்கிறது. ஆனால் ஆளைப் பார்க்காமலே "மூணே நாள்" என்று பஸ் ஸ்டாண்டில் போர்டு வைக்கிறார்களே, அது வைத்தியமா, ஆடித் தள்ளுபடியா? பல் மருத்துவர்களுக்கான ஒழுக்க விதிகளில் விளம்பரம் போட்டு நோயாளி பிடிக்கக் கூடாது என்று இருக்கிறது. பஸ் ஸ்டாண்டைப் பார்த்தால் அப்படி ஒரு விதி இருப்பதாகவே தெரியாது.

எல்லாப் பல் டாக்டரும் திருடர்கள் என்று நான் சொல்லவே இல்லை. என் ஸ்கூல் நண்பன் ஒருவன் பி.டி.எஸ். படிக்கிறான், தனியார் கல்லூரி ஃபீஸைக் கேட்டால் நமக்கே பல் ஆடும். முடித்து வந்து கிளினிக் போட்டால் சேர், எக்ஸ்ரே, வாடகை, எல்லாம் கடன். இன்ஷூரன்ஸ் இல்லை, அரசுத் திட்டம் இல்லை, வருகிற ஒவ்வொரு நோயாளியும் கைக்காசு. அந்தச் சந்தையில் 500 ரூபாய்க்குச் சொத்தை அடைப்பவன் தோற்பான், ஐந்து லட்சத்துக்குப் பேக்கேஜ் விற்பவன் ஜெயிப்பான். நல்லவன் கெட்டவன் கதை இல்லை இது. பல்லை "அழகு" என்று ஒதுக்கியதால் அது ஆடம்பரச் சந்தைக்குப் போனது. ஆடம்பரச் சந்தையில் எப்படி விற்பார்களோ அப்படி விற்கிறார்கள். நகைக்கடையில் சேதாரம் ஏன் என்று கேட்கிறோமா?

அரசாங்கத்தால் ஒன்றும் பண்ண முடியாது என்பது பொய். 2017 பிப்ரவரியில் இதய ஸ்டென்டுக்கு மத்திய அரசு உச்ச விலை வைத்தது. லட்சத்துக்கு மேல் விற்றுக்கொண்டிருந்த மருந்து பூசிய ஸ்டென்ட் 29,600 ரூபாய்க்கு வந்தது, சாதா ஸ்டென்ட் 7,260. அதே ஆகஸ்டில் முழங்கால் மூட்டு. பரவலாக வைக்கிற கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு 54,720 ரூபாய். வானம் இடிந்து விழும் என்றார்கள். விழவில்லை, இன்றும் ஸ்டென்ட் வைக்கிறார்கள், மூட்டு மாற்றுகிறார்கள். பல் ஸ்க்ரூவுக்கு அப்படி உச்ச விலை கிடையாது. ஸ்டென்ட் மாதிரியே அதுவும் உடம்புக்குள் நிரந்தரமாகத் தங்குகிற மருத்துவக் கருவிதான், சட்டப்படியும் அப்படித்தான். விலை என்று வரும்போது மட்டும் லிப்ஸ்டிக்.

கண்ணுக்கு வருவோம். 1980களில் புரை ஆபரேஷனுக்குப் பிறகு வைக்கிற லென்ஸை வெளிநாட்டிலிருந்து வாங்க வேண்டும், ஒன்று 100 டாலர் பக்கம். ஏழைகளுக்கு லென்ஸ் கிடையாது, சோடாபுட்டிக் கண்ணாடிதான். அப்போதும் "லென்ஸ் பணக்காரனுக்கு" என்று சொன்னவர்கள் உண்டு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்காரர்கள் 1992ல் ஆரோலேப் என்று சொந்தமாகத் தொழிற்சாலை போட்டார்கள். பத்து டாலர் அளவுக்கு விலை இறங்கியது. அதே மதுரையிலிருந்து இன்று உலகம் முழுக்க ஏற்றுமதியாகிறது. ஆபரேஷனையும் வரிசை வரிசையாக நடத்தி, காசு உள்ளவரிடம் வாங்கி, இல்லாதவருக்கு இலவசமாகச் செய்தார்கள். நம்ம பாடத்தில் கேஸ் ஸ்டடி என்று ஹார்வர்டு பேரைச் சொல்லிப் பெருமையாக நடத்துகிறார்களே, அதே அரவிந்த்தான். கண்ணுக்குள் வைக்கிற லென்ஸையே செய்த ஊருக்குத் தாடையில் திருகுகிற ஸ்க்ரூ பெரிய கம்பசூத்திரமா? இந்தியாவிலேயே இம்பிளான்ட் செய்கிற சிறு கம்பெனிகள் இருக்கத்தான் செய்கின்றன. மொத்தமாக வாங்க ஆள் இல்லை. மொத்தமாக வாங்கக்கூடிய ஒரே ஆள் அரசு, அது பல்லைப் பார்க்கவே மாட்டேன் என்கிறது.

பார்த்த நாடு ஒன்று இருக்கிறது, தென்கொரியா. அங்கே அரசு மருத்துவக் காப்பீட்டில் 2014 ஜூலை முதல் 75 வயது தாண்டியவர்களுக்கு இம்பிளான்ட் சேர்த்தார்கள். அடுத்த வருஷம் 70, அதற்கடுத்த வருஷம் 65. வாழ்நாளில் இரண்டு பல்லுக்குத் தருவார்கள். முதலில் நோயாளி பாதி கட்ட வேண்டும், 2018ல் அதை 30 சதவீதமாக்கினார்கள். பல்லே இல்லாதவர்களுக்கு முழுப் பல்செட்டுக்கும் காப்பீடு உண்டு. இரண்டே பல்தானா என்று கேட்காதீர்கள். கணக்கு இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும்: வயது வரம்பு, எண்ணிக்கை வரம்பு, நோயாளி பங்கு. எல்லாருக்கும் எல்லாமும் என்று ஆரம்பித்தால் திட்டம் திவாலாகும், யாருக்கும் ஒன்றும் இல்லை என்றால் நம்ம ஊர் மாதிரி ஆகும்.

(கொரிய கம்பெனி என்றதும் ஒரு கிளைக்கதை, ஆடிட்டிங் வகுப்பில் தூங்குபவர்களுக்காக. நம்ம ஊர் கிளினிக்குகளிலும் புழங்குகிற ஆஸ்டெம் இம்பிளான்ட் கம்பெனியில் நிதிப் பிரிவு ஊழியர் ஒருவர் 200 பில்லியன் வானுக்கு மேல் கம்பெனிப் பணத்தைச் சுருட்டியது 2022 ஜனவரியில் வெளியே வந்தது. கம்பெனியின் சொந்த மூலதனத்தையே விட அதிகத் தொகை! 2023ல் அவருக்கு 35 வருஷம் ஜெயில். ஒரு ஆள் அவ்வளவு எடுக்கும்வரை தெரியாத அளவுக்குப் பணம் புரள்கிற தொழில் இது. சரி, விஷயத்துக்கு வருவோம்.)

இதை எங்கள் வகுப்பில் பேசினபோது இரண்டு எதிர்ப்பு வந்தது. முதலாவது: "குழந்தைக்குச் சொத்தைப் பல் பார்க்கவே ஆள் இல்லை, வாய்ப் புற்றுநோய் இருக்கு, அதை விட்டுட்டு கிழவங்களுக்கு டைட்டானியமா?" நியாயமான கேள்வி. தடுப்புதான் முதலில் வர வேண்டும் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஜப்பானில் 1989ல் "8020" என்று ஒரு இயக்கம் ஆரம்பித்தார்கள்: 80 வயதில் 20 சொந்தப் பல். 2016 கணக்கெடுப்பில் அங்கே 80 வயதுக்காரர்களில் பாதிக்கு மேல் அந்த இலக்கைத் தொட்டிருந்தார்கள். ஆனால் அதற்குக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. இன்று பல் இல்லாதவர் அதுவரை என்ன சாப்பிடுவார்? சர்க்கரை வியாதியைத் தடுக்க வேண்டும் என்பதற்காக ஏற்கெனவே வந்தவருக்கு இன்சுலின் இல்லை என்று சொல்கிறோமா?

இரண்டாவது எதிர்ப்பு எனக்குப் பிடித்தது: "நீயே கம்பெனிக்காரனுக்கு விளம்பரம் பண்ற மாதிரி இருக்கே?" இல்லை. இம்பிளான்ட் எல்லாருக்கும் வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. கடைசிக் கடைவாய்ப்பல் ஒன்று போனால் ஒன்றுமே வைக்காமல் விடலாம், பலர் நன்றாகவே மெல்லுவார்கள். பக்கத்துப் பல் இரண்டும் ஏற்கெனவே கேப் போட்டதாக இருந்தால் பிரிட்ஜ் போதும். சிகரெட் பிடிப்பவருக்கும் சர்க்கரை கட்டுப்படாதவருக்கும் இம்பிளான்ட் தோற்கும் வாய்ப்பு அதிகம். "லைஃப் டைம் வாரன்டி" என்பதெல்லாம் யார் லைஃப், கிளினிக் லைஃபா நம்ம லைஃபா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பத்து வருஷத்துக்குப் பிறகும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் நிற்கிறது என்பது ஆய்வுகள் சொல்வது, பெரிய சாதனைதான். ஆனால் அதே ஆய்வுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஸ்க்ரூவைச் சுற்றி ஈறு புண்ணாகி எலும்பு அரிக்கிற தொல்லை வருகிறது. சொத்தை விழாது என்பதற்காக பிரஷ் பண்ணாமல் விட முடியாது.

இதெல்லாம் சேர்த்துத்தான் சொல்கிறேன்: பொதுத் திட்டத்துக்குள் வந்தால்தான் யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று கமிஷன் வாங்காத ஒருவர் சொல்லுவார். இப்போது அந்த முடிவை ஏ.சி. ரூமில் கோட் போட்ட அம்மா எடுக்கிறார்.

பல் வைப்பதில் வர்க்கம் இருப்பது புதுசு இல்லை. அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் கணக்குப் புத்தகத்தில் 1784ல் ஒரு வரவுசெலவுப் பதிவு இருக்கிறது: அடிமைகளிடம் 9 பற்கள் வாங்கியதற்கு 122 ஷில்லிங். அந்தப் பல் அவர் வாய்க்குத்தான் போனதா என்று பேரேடு சொல்லவில்லை. 1815ல் வாட்டர்லூ போருக்குப் பிறகு செத்த சிப்பாய்களின் பல்லைப் பிடுங்கி லண்டன் கனவான்களுக்கு செட் கட்டினார்கள். ஏழை வாயிலிருந்து எடுப்பதற்கு எப்போதும் ஆள் உண்டு. ஏழை வாயில் வைக்கத்தான் பட்ஜெட் இல்லை.

கேட்பது பெரிசாக ஒன்றும் இல்லை. இம்பிளான்டுக்கும் ஸ்டென்ட் மாதிரி உச்ச விலை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் கீழ்த்தாடையில் பல்லே இல்லாத 65 வயதுக்காரருக்கு இரண்டு ஸ்க்ரூ, ஒரு பல்செட். வேலையை அரசு பல் மருத்துவக் கல்லூரியிலேயே செய்யலாம், படிக்கிற பசங்களுக்கும் கை பழகும். பில்லில் கருவி விலை தனியாக, டாக்டர் கட்டணம் தனியாக. பாலிசிப் புத்தகத்தில் பல்லை அழகு சிகிச்சை பக்கத்திலிருந்து எடுத்து முழங்கால் பக்கத்தில் எழுதுவதற்கு எத்தனை மில்லி மை செலவாகும்?

ஆச்சி நாலே முக்கால் லட்சத்துக்குக் கையெழுத்துப் போட விடவில்லை. வேறொரு கல்லூரி மருத்துவமனையில் அந்த இரண்டு ஸ்க்ரூவுக்குப் பேர் கொடுத்திருக்கிறோம், அப்பா பி.எஃப்.பிலிருந்து எடுக்கிறார்.

பி.கு: வீட்டில் யாருக்காவது இம்பிளான்ட் வைத்தால் அந்த டப்பாவில் ஒரு ஸ்டிக்கர் வரும், பிராண்ட், சைஸ், லாட் நம்பர் எல்லாம் அதில் இருக்கும். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், தருவதற்கு அவர்கள் மறந்துபோவார்கள். ஒரு கம்பெனி ஸ்க்ரூவுக்கு இன்னொரு கம்பெனி பார்ட்ஸ் பெரும்பாலும் சேராது. பத்து வருஷம் கழித்து மேலே உள்ள கேப் லூசானால், புது டாக்டருக்கு எந்தத் திருப்புளி வேண்டும் என்பதே அந்த ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் தெரியும். ரேஷன் கார்டு வைத்திருக்கிற கவரிலேயே போட்டு வையுங்கள்.